அப்புக்காத்து ஏன் தேர்தலில் நிற்கிறார்?

"அப்புக்காத்து" என்ற சொல்லை என் வயதுக்காரர் யாரும் ஒரு தொழிலின் பெயராகக் கேட்டு வளரவில்லை. எங்களுக்கு அது ஒரு வசை. சிலோன் காலத்து அட்வகேட்தான் யாழ்ப்பாணத்து வாயில் அப்புக்காத்து ஆனது. அவருக்குக் கீழே பிரக்கிராசி. இரண்டு வகையையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி என்று ஆக்கிய சட்டம் 1973இல் வந்தது. தொழில் போய் ஐம்பது வருடமாகிறது, வசை மட்டும் அப்படியே நிற்கிறது. தேர்தல் வந்தால் போதும், என் மாமா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தொடங்குவார்: "உவங்கள் எல்லாம் அப்புக்காத்துமார் தம்பி. கதைச்சுப்போட்டுக் கொழும்புக்குப் போயிடுவாங்கள்."

நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்து வயதில், முகநூலில், நல்ல கோபத்தோடு. இந்தக் கட்டுரை முதலில் எனக்கெதிரானது. பிறகு மாமாவுக்கு. அதற்குப் பிறகு, நவம்பர் வந்தால் ஒரு வசை, ஏப்ரல் 26 வந்தால் "தந்தை" என்று ஒரு மாலை என இரண்டையும் ஒரே கணக்கிலிருந்து பதிவிடுகிற எல்லோருக்கும்.

ஒரு வழக்கறிஞர் ஏன் அரசியலுக்கு வருகிறார் என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு ஆயத்தப் பதில்கள் இருக்கின்றன. ஒன்று பேராசை: பெயர், பதவி, கொழும்பில் மரியாதை. மற்றது காயம்: சிறு வயதில் ஏதோ நடந்தது, அது அவரை மாற்றிவிட்டது. இரண்டுமே சோம்பேறிப் பதில்கள். செல்வநாயகத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் அதிகமாகத் திட்டவும் தொழவும் பட்ட அப்புக்காத்து அவர்தான்.

அவர் பிறந்தது 1898இல், மலாயாவின் ஈப்போவில். நான்கு வயதளவில் தாயோடு தெல்லிப்பழைக்கு வந்தார். யூனியன் கல்லூரி, பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பு பரி. தோமாவின் கல்லூரி. இருபது வயதுக்குள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் எடுத்துவிட்டார், அதுவும் விஞ்ஞானத்தில். சட்டம் பிறகுதான். விஞ்ஞான ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த இடத்தில், நோயில் கிடந்த தம்பியைப் பார்க்க விடுமுறை கேட்டார், கொடுக்கவில்லை, வேலையை விட்டார். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அநீதி தைத்த முதல் முள், தலைவன் உருவான தருணம் என்றெல்லாம் எழுதுவார்கள்.

ஆனால் அந்த முள் தைத்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துத்தான் அவர் தேர்தலில் நின்றார். இடையில் என்ன செய்தார்? இன்னொரு கல்லூரியில் படிப்பித்தார். சட்டம் படித்தார். கல்யாணம் கட்டினார். கொழும்பில் சிவில் வழக்குகளில் மெல்ல மெல்லப் பெயரெடுத்தார். காணி, உறுதி, ஒப்பந்தம், வாரிசு. கொலை வழக்குக்காரர் மாதிரி மன்றத்தில் முழங்குகிற வேலை இல்லை அது. குரலும் அதற்கு வாய்க்கவில்லை, மெல்லிய குரல். பிற்காலத்தில் காது சரியாகக் கேட்காது, பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும். மேடைப் பேச்சால் எழுந்த இயக்கங்களைப் பார்த்தே பழகிய தமிழருக்கு, பேசவே வராத ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் தலைவராக இருந்தது இன்னும் சரியாக விளங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

காயம்தான் காரணமென்றால் முப்பது வருடம் காத்திருந்திருக்க மாட்டார். பேராசைதான் காரணமென்றால் 1948இல் அவர் செய்தது பைத்தியக்காரத்தனம்.

1947இல் காங்கேசன்துறையில் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக வென்று நாடாளுமன்றம் போகிறார், வயது 49. கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வருகிறது. தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், ஏறக்குறைய ஏழு லட்சம் பேர், நாடற்றவர்களாகிறார்கள். அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத லயத்து மனிதன் பாட்டனின் பிறப்புக்கு எங்கே ஆதாரம் தேடுவான்? வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: தகப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் நீ குடிமகன். ஈப்போவில் பிறந்த செல்வநாயகத்துக்கு அந்தப் பிரிவால் ஒரு பிரச்சினையும் இல்லை. அட்டனில் பிறந்த குழந்தைக்குத்தான் பிரச்சினை.

அந்த வருடம் பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்தார். உள்ளே போனால்தான் எதையாவது பெறலாம் என்ற வாதம் அவருக்கு இருந்தது. அது முட்டாள் வாதமில்லை, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்றவை அந்தக் காலத்துக் கதைதான். செல்வநாயகம், வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் ஆகியோர் பிரிந்தார்கள். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி.

இந்த இடத்தில்தான் நான் கேள்வியை மாற்றச் சொல்கிறேன். ஒரு வழக்கறிஞரிடம் ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். பதில் சொல்வதே அவர் தொழில், நன்றாகச் சொல்வார். உன் கட்சிக்காரர் யார், அவர் உனக்கு என்ன தருவார், உன்னை நீக்க அவரால் முடியுமா என்று கேளுங்கள். 1949இல் செல்வநாயகம் எடுத்த வழக்கின் கட்சிக்காரருக்கு வாக்கே கிடையாது. அவர் தொகுதியில் அவர்கள் இல்லை. காங்கேசன்துறை வாக்காளருக்கு மலையகத்தோடு திருமண உறவு இல்லை, பெரிதாக மரியாதையும் இல்லை; யாழ்ப்பாணத்தில் அவர்களைக் குறிக்க நாம் வைத்திருந்த சொற்களை இங்கே எழுத வேண்டாம். 1952இல் கணக்கு வந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். நடேசன் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தைத் தோற்கடித்தார். நடேசன் ராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், சைவர். செல்வநாயகம் கிறிஸ்தவர். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள், கோப்பாயும் திருகோணமலையும்.

தோற்ற பிறகு என்ன செய்தார்? திரும்பக் கோட்டுக்குப் போனார். வழக்குப் பேசினார். இந்த வசதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கட்டுரையின் முக்கியமான இடமே அதுதான்.

இதுவரை வாசித்துவிட்டு இது இன்னொரு மாலை என்று நினைத்தால் பொறுங்கள்.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் காங்கேசன்துறைத் தொகுதிக்குள் இருக்கிறது. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக முயன்றபோது வாசலில் மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், பாரிஸ்டர். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தில் அவர்மேல் வழக்குப் போடப்பட்டது. அந்த வழக்கை அவர் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை கொண்டுபோனார். ஒருவனைக் கோயிலுக்குள் விடாமலிருப்பதற்காக லண்டன் வரை போகிற அப்புக்காத்து! வசைக்கு உரியவர் வேண்டுமென்றால் இங்கே இருக்கிறார், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொகுதியின் உறுப்பினர் எங்கே? தமிழரசுக் கட்சி தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானங்கள் எழுதியிருந்தது. வாசலில் அடிவாங்கியவர்களோடு நின்றது சண்முகதாசன் பக்கத்து இடதுசாரிகளின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். வாக்கே இல்லாத மலையகத் தமிழனுக்காகக் கட்சியை உடைத்த மனிதர், தன் தொகுதியில் வாக்குள்ள, ஆனால் சிறுபான்மையான தமிழனுக்காக அதே மாதிரி எதையும் உடைக்கவில்லை. தான் கிறிஸ்தவர், சைவக் கோயில் விடயத்தில் எப்படித் தலையிடுவது என்ற தயக்கம் விளங்குகிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த வாசலில் நின்ற மக்களும் அதை மறக்கவில்லை.

மலையகத்தையும் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுப்பதென்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம், பிறகு பார்க்கலாம். தோட்டத்து மனிதர்களை மூட்டை மாதிரி எண்ணிப் பங்கிட்ட இந்த ஒப்பந்தத்தைத் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. ஆனால் 1949இன் சூடு அதில் இருக்கவில்லை. கட்சியின் உண்மையான கட்சிக்காரர் அதற்குள் வடகிழக்கு நடுத்தர வர்க்கம் ஆகிவிட்டிருந்தது.

அடுத்து ஒப்பந்தங்கள். சிவில் வழக்கறிஞரின் மூளை எப்படி வேலை செய்யும் என்பது இங்கே தெரியும். 1957 ஜூலை 26, பண்டாரநாயக்காவோடு. பிராந்திய சபைகள், வடகிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்துக்கு ஆள் தெரிவதில் சபைகளுக்கு அதிகாரம். கண்டிக்கு ஜே.ஆரின் ஊர்வலம், பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் பிக்குகள், 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். 1965 மார்ச் 24, டட்லியோடு. இம்முறை மாவட்ட சபைகள். காணிப் பிரிவு கச்சிதம்: வடகிழக்கில் குடியேற்றக் காணி கொடுத்தால் முதலில் அந்த மாவட்டத்துக் காணியில்லாதவர்கள், இரண்டாவது வடகிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், மூன்றாவது நாட்டின் மற்றவர்கள், அதிலும் மற்ற மாவட்டத் தமிழருக்கு முன்னுரிமை. ஓர் உறுதி எழுதுகிற சுத்தம். 1968இல் மாவட்ட சபை மசோதாவைக் கைவிட்டார்கள், கட்சியின் சார்பில் அமைச்சராக இருந்த திருச்செல்வம் அதே வருடம் விலகினார்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இரண்டு நிரல்கள் பேசிக்கொள்வதற்கு நாங்களும் ஒப்பந்தம் எழுதுவோம்: நீ இதை அனுப்பு, நான் இதைத் திருப்பித் தருகிறேன். மறுபக்கம் அதை மீறினால் இயந்திரமே பிழை காட்டி நின்றுவிடும். சிவில் வழக்கிலும் அப்படித்தான், மீறினால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. பிரதமரோடு போடுகிற ஒப்பந்தத்துக்கு மாவட்ட நீதிமன்றம் எங்கே? இதுதான் அப்புக்காத்து அரசியல்மேல் வைக்கத்தக்க உண்மையான குற்றச்சாட்டு. "கதைச்சுப்போட்டுப் போயிடுவாங்கள்" என்பதைவிட மிகவும் கனமானது இது. வைக்கிறவர்கள்தான் குறைவு, ஏனென்றால் இதற்குக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

ஆனால் அவருக்கு இது தெரியாமலிருந்ததா? அங்கேதான் எனக்குத் தடுமாற்றம். 1956 ஜூனில் சிங்களம் மட்டும் மசோதா வந்த அன்று காலிமுகத்திடலில் உட்கார்ந்து அடிவாங்கியதும் இந்த அப்புக்காத்துமார்தான். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியை மறித்தார்கள். ஏப்ரலில் சட்டத்தை மீறித் தமிழரசுத் தபால்சேவை என்று சொந்தமாக முத்திரை அச்சிட்டு விற்றார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, பனாகொடை முகாமில் அடைத்தார்கள். நீதிமன்றத்தால் நடக்காது என்று தெரிந்த வழக்கறிஞர்தான் தெருவில் உட்காருவார். நீதிமன்ற வழியையும் விடவில்லை. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரச ஊழியரின் வழக்கு: 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம், 1967இல் உச்ச நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசுமேல் வழக்கே போட முடியாது என்று தள்ளியது, 1969இல் பிரிவிக் கவுன்சில், போடலாம், மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற மூலக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அதை விசாரிக்கிறதற்குள் 1972இல் அரசியலமைப்பையே மாற்றிவிட்டார்கள். சிறுபான்மைக்குப் பாதுகாப்பென்று எல்லோரும் நம்பிய 29ஆம் பிரிவு புதியதில் இல்லை. வழக்கில் வெல்ல முடியாவிட்டால் சட்டப் புத்தகத்தையே மாற்று. இதற்கு எந்த ஊர் அப்புக்காத்திடம் மருந்து இருக்கிறது?

அந்த அக்டோபரில் அவர் ஆசனத்தை ராஜினாமாச் செய்தார், புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தல் வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் வைத்தார்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 76 வயது, காது கேட்காது, கை நடுங்குகிறது. 1977 ஏப்ரலில் இறந்தார். இந்த இடைத்தேர்தலில் அவர் "ஏன்" நின்றார் என்று பேராசைக்காரரும் காயக்காரரும் விளக்கட்டும், கேட்கிறேன்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அப்புக்காத்து இல்லாத அரசியல் வேண்டுமென்று கேட்டோம், கிடைத்தது. அதில் ஒப்பந்தம் கிழிபடவில்லை, ஆட்கள் கிழிபட்டார்கள். 1999 ஜூலை 29, கொழும்பில் நீலன் திருச்செல்வம் தற்கொலைக் குண்டால் கொல்லப்பட்டார். அந்தத் திருச்செல்வத்தின் மகன், சட்டவறிஞர், அதிகாரப் பகிர்வு வரைவு எழுதிய குற்றம். பள்ளிக்கூடத்தில் அன்று ஒரு பெரியவர் "ஒரு அப்புக்காத்து குறைஞ்சுது" என்றார். நான் சிறுவன், சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு என்னால் யார்மேலும் போட முடியவில்லை.

இப்போது நான் தள்ளிவைத்த இடம்.

1919 ஜனவரியில் முனிச்சில் மாணவர்களுக்கு மாக்ஸ் வெபர் ஆற்றிய உரையொன்றில் ஒரு சாதாரண அவதானம் இருக்கிறது. அரசியலில் வழக்கறிஞர் ஏன் இவ்வளவு என்றால், அவரால் வேலையை விட்டுவிட்டு வர முடியும் என்பதே காரணம். தொழிலாளியால் முடியாது. மருத்துவராலும் முதலாளியாலும் எளிதில் முடியாது. லட்சியம், சூழ்ச்சி எல்லாம் இதற்குப் பிறகு. இலங்கைத் தமிழருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நம் படித்த வர்க்கத்தின் பெரும்பகுதி அரச உத்தியோகம். உத்தியோகத்தர் பலரால் தேர்தலில் நிற்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு எடுத்த பிறகு பெரும்பாலான ஆசிரியரும் அரச ஊழியர். தோட்டக்காரனுக்குப் புகையிலை காய்ந்துபோகும். தோற்றாலும் மறுநாள் சோறு இருக்கும் தொழில் எது? கறுப்புக் கோட். காங்கேசன்துறையில் 1952இல் தோற்ற மனிதருக்குக் கொழும்பில் ஆல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ் வீடும், காத்திருக்கும் வழக்குக் கட்டுகளும் இருந்தன. அது அவர் பிழையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் 1949ஆம் இல்லை. அவர் துணிவை நான் மதிக்கிறேன். அந்தத் துணிவுக்கு ஒரு வருமானம் முட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் மதிக்க முடியும்.

ஆகவே மாமா, பிரச்சினை அப்புக்காத்துமார் வருவது அல்ல. மற்றவன் வர முடியாமலிருப்பது.

இதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், போன வருடம், 2025 மார்ச்சில், உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனு நேரத்தில் எங்கள் ஊர்ப் பெடியள் சிலர் சேர்ந்து பிரதேச சபைக்குச் சுயேச்சையாக ஒரு பட்டியல் போட்டார்கள். குடிநீர், குப்பை, மதகு. என் வட்டாரத்துக்கு என்னை நிற்கச் சொன்னார்கள். வாக்கு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. இரண்டு நாள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிறகு நான் வேலை செய்த நிறுவனத்தில் கேட்டேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினார். ஒப்பந்தத்தில் ஒரு பந்தி இருக்கிறதாம், அரசியல் பதவிக்கு நிற்பது வாடிக்கையாளர் உறவைப் பாதிக்கலாமாம், சம்பளமில்லாத விடுமுறையும் இந்தக் காலாண்டில் கஷ்டமாம். பந்தியை எடுத்து வாசித்தேன், இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றிரவு வீட்டுக் கடன், அம்மாவின் மருந்து, மூன்று மாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று எக்செலில் ஒரு தாள் போட்டுப் பார்த்தேன். காலையில் பெடியளுக்கு எடுத்து முடியாது என்றேன். ஒருவன், "பரவாயில்லை அண்ணை, விளங்குது" என்றான். விளங்காமல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் இடத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டார்கள். இருபத்தெட்டு வயது, சட்டத்தரணி. மாமா துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியே, திரும்பவும் அப்புக்காத்து" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். மே 6 செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு. அவர் வெல்லவில்லை. புதன்கிழமை காலை மல்லாகம் கோட்டில் அவருக்கு இரண்டு வழக்கு இருந்தது, போனார்.